காயம் இல்லை, நோவுதான்

என் மருமகள் கல்யாணமான பிறகுதான் பிசியோதெரபியில் மேல்படிப்புக்குச் சேர்ந்தாள். ஆம்பூரில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வேலூரில் இருக்கும் கல்லூரிக்குப் போவாள். அதற்கு முன் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். அங்கே வருவதெல்லாம் கழுத்தும் முதுகும்தான். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கும் பெண்களின் கழுத்து. தோல் கட்டு தூக்குகிறவர்களின் முதுகு. அவளுக்கு விளையாடுகிற பிள்ளைகளோடு வேலை செய்ய ஆசை. காட்பாடி பக்கம் புதிதாக ஒரு விளையாட்டு விடுதி வருகிறது என்று கேள்விப்பட்டுப் போய் விசாரித்தாள். ஜூனில் பட்டத்தோடு வந்தால் இடம் உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். வாய்ச்சொல்தான், கடிதம் கிடையாது. ஆனாலும் அதை நம்பி என் மனைவி, மகன், மருமகள், நான் என்று நாலு பேரும் ஜூன் மாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் ஜூனில் பட்டம் வரும்.

ஆய்வு என்ன என்று அவள் முதலில் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. விளையாட்டில் பிள்ளைகளுக்கு உடம்பில் ஏற்படும் கோளாறுகளைத் தெரிந்துகொள்ள வெளிநாட்டில் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். நாலே கேள்வி. பிள்ளைகளே வாராவாரம் டிக் அடித்துக் கொடுத்துவிட வேண்டும். அதைத் தமிழில் கொண்டுவந்து, அந்தத் தமிழ்த்தாளின் நம்பகத்தன்மையைச் சோதிப்பதுதான் ஆய்வு. நம்பகத்தன்மை என்றால் என்ன என்று கேட்டேன். ஒரே பிள்ளையிடம் ஒரே கேள்வியைச் சில நாள் விட்டு இரண்டு தடவை கேட்க வேண்டுமாம். இடையில் உடம்பில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் இரண்டு தடவையும் ஒரே பதில் வர வேண்டும். வந்தால் தாள் நம்பகமானது.

இது எனக்கு உடனே பிடித்துப்போனது. நான் கணிதம் படித்தவன். ஒரு தோல் கம்பெனியில், தோலின் பரப்பை அளக்கும் பிரிவில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றேன். ஒரே தோலை இரண்டு தடவை மெஷினில் விட்டு, இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் அன்றைய வேலையைத் தொடங்குவோம். அதனால், மொழிபெயர்க்க இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராவது வைத்தியத்துக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதும், நான் இருக்கிறேனே என்றேன். "கேள்வியை மொழிபெயர்த்தாப் போதும் மாமா, திருத்தக் கூடாது" என்றாள்.

இன்னொருவர் வாலாஜாபேட்டையிலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர், அவரும் ஓய்வு பெற்றவர். ஆற்காடு வழியாக வந்ததால் மக்கன் பேடா வாங்கி வந்தார். டப்பாவில் எட்டு இருந்தது. ஐந்தை அவரே சாப்பிட்டார். தனித்தனியாக எழுதி வைத்திருந்த மொழிபெயர்ப்புகளை எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து ஒப்பிட்டோம். மருமகள் நடுவில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள்.

பெரிய சண்டை 'மிதமான' என்ற சொல்லுக்குத்தான். வலி இல்லை, லேசான வலி, மிதமான வலி, கடுமையான வலி என்று அவர் எழுதியிருந்தார். மிதமான என்ற சொல்லைப் பிள்ளைகள் டிவியில் மழைச் செய்தி தவிர வேறெங்கும் கேட்டதில்லை என்றேன். அப்படியானால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்றார். கம்மி, ஜாஸ்தி என்பார்கள் என்றேன். அது தமிழா என்றார். சரி, கொஞ்சம், ரொம்ப என்று போடலாம் என்றேன். இரண்டுக்கும் நடுவில் என்ன போடுவது என்று மடக்கினார். நான் 'சுமார்' என்றேன். சுமாராக வலிக்கிறது என்றால் வலி நன்றாக இல்லை என்று அர்த்தமா, வலி பரவாயில்லை என்று அர்த்தமா என்று கேட்டுவிட்டு அவர் நாலாவது பேடாவை எடுத்தார். கடைசியில் 'ஓரளவு' என்று போட்டுச் சமாதானமானோம். அடுத்து இடுப்புக்குச் சண்டை. இடுப்பு என்றால் நம் ஊரில் பாதிப் பேர் முதுகின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார்கள், மீதிப் பேர் பக்கவாட்டில் கை வைப்பார்கள். அதற்கு ஒரு படம் போட்டுவிடலாம் என்று மருமகள் தீர்த்துவைத்தாள்.

முதல் கேள்விக்குச் சண்டையே வரவில்லை. 'கடந்த ஒரு வாரத்தில் காயம் காரணமாகப் பயிற்சியிலோ போட்டியிலோ கலந்துகொள்வதில் உனக்குச் சிரமம் இருந்ததா?' காயம் என்ற சொல்லை அவரும் எழுதியிருந்தார், நானும் எழுதியிருந்தேன். இரண்டும் ஒன்று என்று மருமகள் டிக் அடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். பிறகு, மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் எங்கள் தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் அந்தச் சொல் பிசகாமல் பழைய ஆங்கிலச் சொல்லாகவே திரும்பி வந்தது. நிபுணர் குழு பார்த்துக் கையெழுத்துப் போட்டது. அந்தக் குழுவில் ஐந்து பேர்.

பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்கள். கபடி ஆடும் பெண்கள், ஓடும் பெண்கள். பன்னிரண்டிலிருந்து பதினாறு வயது. பெரும்பாலும் அம்மாக்கள் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள். பெற்றோர் கையெழுத்துக்கு ஐம்பத்திரண்டு தாள் கொடுத்தோம், நாற்பத்தெட்டு திரும்பி வந்தது. அவர்களுக்குப் பயிற்சி தருகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசக்கூடிய மனிதர். இந்தத் தாளெல்லாம் எத்தனை நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார்.

முதல் தடவை மருமகளும் நானும் போனோம். எனக்கு வானத்தைப் பார்த்ததிலிருந்தே கவலை. மழை வந்தால் தாள் நனையும், மை ஓடும். பேனா எழுதுமா என்று ஒவ்வொன்றையும் வீட்டிலேயே கிறுக்கிப் பார்த்துத்தான் எடுத்துப் போயிருந்தேன். பிள்ளைகள் பெயர் எழுதக் கூடாது, ஆளுக்கு ஓர் எண். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதக் கூடாது என்று தள்ளித் தள்ளி உட்காரவைத்தேன். இது பரீட்சையா தாத்தா, பெயில் போடுவீங்களா என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். தாளை வாங்கும்போது ஒவ்வொன்றிலும் நாலு டிக் இருக்கிறதா என்று எண்ணி எண்ணி வாங்கினேன். அன்றிலிருந்து எனக்குக் கணக்குத் தாத்தா என்று பெயர்.

இரண்டாவது தடவை மருமகளுக்குக் கல்லூரியில் டியூட்டி. நான் மட்டும் போனேன். அதே நேரம், அதே இடம், அதே பேனாக்கள். எல்லாம் முதல் தடவை போலவே இருக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்ததால் உட்காரும் இடத்தைக்கூட மாற்றவில்லை. போன தடவை முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தவள் இந்தத் தடவை வெயிலில் உட்காரப் பார்த்தாள். பிடித்து மரத்தடிக்கே அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை வந்த தாள்களையும் எண் வாரியாக அடுக்கி, நான் படிக்க அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். முதல் கேள்வியில் நாற்பத்தெட்டில் நாற்பத்தாறு பேர் இரண்டு தடவையும் ஒரே கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். மற்ற கேள்விகளும் அதற்கு அதிகம் குறையவில்லை. கம்ப்யூட்டர் கடைசியில் ஓர் எண்ணைக் காட்டியது. ஒன்று என்றால் முழு ஒற்றுமை. இது ஒன்றை உரசிக்கொண்டு நின்றது. மருமகள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். அவளுடைய கைடுக்குப் போன் போட்டாள். அவர் பேசியது எனக்கே கேட்டது. இவ்வளவு நல்ல எண் தன் துறையில் வந்ததில்லை, உடனே எழுத ஆரம்பி என்றார். என் மனைவி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். மார்ச்சுக்கு நிறைய நாள் இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு பேனாக்களை எண்ணினேன். நாலு குறைந்தது.

நாலு பேனாவுக்காக யாராவது மைதானத்துக்குப் போவார்களா என்று என் மகன் கேட்டான். நான் போனேன். கொடுத்த பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாஸ்டர் கபடிப் பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டுக்கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே ஒருத்தி வலது காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைச் சுற்றிப் பழைய துப்பட்டாத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கபடி பாடிப் போவதில் அந்த அணியிலேயே கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும். அவள் பல்லில் கட்டுத் துணியின் ஒரு முனை. காதில் எங்கள் பேனா ஒன்று.

"இன்னா தாத்தா, பேனாவுக்கா வந்தீங்க?" என்று எடுத்துக் கொடுத்தாள்.

முட்டிக்கு என்ன என்று கேட்டேன்.

"நோவுது."

எத்தனை நாளாக என்றால், மழைக்கு முன்னாலிருந்தே என்றாள். பாடிப் போகும்போது தெரியாதாம், திரும்பி ஓடி வரும்போதுதான் உயிர் போகுமாம். படிக்கட்டு இறங்கும்போதும் அப்படித்தானாம். அதனால்தான் கட்டிக்கொண்டு ஆடுகிறேன், பாதி ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுகிறேன் என்றாள்.

தாளில் காயம் இருக்கிறதா என்று கேட்டிருந்தோமே, என்ன போட்டாய் என்றேன்.

"இல்லைன்னு போட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்தான். காயம் இல்லையே தாத்தா." கட்டிய துணியை அவிழ்த்து முழங்காலைக் காட்டினாள். "பாருங்க, எங்கனா ரத்தம் வருதா? இது நோவுதான்."

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இன்னொருத்தி சிரித்தாள். "காயம் எனக்குத்தான் தாத்தா. நான் ஆமான்னு போட்டேன்" என்று முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். சிராய்த்துப் பொருக்குத் தட்டியிருந்தது. அதனால் ஆட முடியவில்லையா என்று கேட்டேன். "இது இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டுக் கோட்டுக்குள் ஓடினாள்.

நான் மைதானத்தின் ஓரமாக நடந்தேன். ஆட்டத்துக்கு வெளியே நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். காயம் இருக்கிறதா என்றால் இல்லை. எங்கேயாவது நோவுகிறதா என்றால் ஒருத்திக்குக் கெண்டைக்கால், ஒருத்திக்குக் குதிகால், ஒருத்திக்குத் தோள்பட்டை. ஓடும் பெண் ஒருத்தி முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலை வைத்து, இந்த இடத்தைத் தொட்டாலே கண்ணில் தண்ணீர் வரும் என்று சொல்லிவிட்டு, தொட்டுக் காட்டிக் கண்ணையும் காட்டினாள். அவளும் காயம் இல்லை என்றுதான் போட்டிருந்தாள். பதினேழு பேரிடம் கேட்டேன். பதினோரு பேருக்கு ஏதோ ஓரிடத்தில் நோவு. இரண்டு பேருக்குக் காயம், இரண்டும் சிராய்ப்பு.

எண் ஏன் அவ்வளவு நன்றாக வந்தது என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. நாலைந்து நாளில் சிராய்ப்பு ஆறாது. அதனால் இருந்தவள் இரண்டு தடவையும் இருக்கிறது என்றாள். மற்றவர்களுக்கு ரத்தம் வரவில்லை. அதனால் இரண்டு தடவையும் இல்லை என்றார்கள். நாற்பத்தாறு பேர் பிசகாமல் ஒரே பதிலைச் சொன்னார்கள், நாங்கள் கேட்காத கேள்விக்கு.

மீதி மூன்று பேனாவைக் கேட்காமலே வீட்டுக்கு வந்தேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்ததாக ஞாபகம் இல்லை. மருமகள் ரயிலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு காப்பியோடு உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அவள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நான் சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

"பேனாவ எண்ணுறதோட நிறுத்தியிருக்கலாம் மாமா" என்றாள்.

என் மகன் வேறு விதமாகப் பார்த்தான். அவன் ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிறவன். கேட்ட தேதிக்குக் கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்பது அவன் கட்சி. தலைப்பில் நம்பகத்தன்மை என்றுதானே இருக்கிறது, அதுதான் வந்துவிட்டதே, கொடுத்துவிட்டு மேலே போ என்றான். கைடும் அதையேதான் சொன்னாராம். அடுத்த நாள் அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, தாள் சரியானதைக் கேட்கிறதா என்பது வேறு ஆய்வு, அதை வேறு ஒருவர் செய்யட்டும், கடைசிப் பக்கத்தில் ஒரு வரி குறையாக எழுதிவிடு என்றாராம். சொல்லை மாற்றினால் குழுவின் அனுமதியை மறுபடி வாங்க வேண்டும், மறுபடி பிள்ளைகளிடம் போக வேண்டும், மார்ச் போய்விடும், அடுத்த தடவை டிசம்பரில்தான். அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார் என்று அவளே சொன்னாள். டிசம்பர் என்றால் விடுதி வேலை இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வீட்டில் யாரும் ஜூனைப் பற்றிப் பேசவில்லை. நான் பேச வாயெடுத்தபோதெல்லாம் என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சனிக்கிழமை மருமகள் தனியாக மைதானத்துக்குப் போனாள். தாள் எதுவும் கொண்டுபோகவில்லை. திரும்பி வந்து, பிள்ளைகள் என்னென்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொன்னாள். நோவு, புடிப்பு, இழுப்பு, கொடச்சல், சுளுக்கு, சதை ஏறிக்கிச்சு. 'அடி' என்றால் யாரோ தள்ளிவிட்டதாகவோ எதன்மேலோ மோதியதாகவோ இருக்க வேண்டும். தானாக வந்தால் அது அடி இல்லை. முட்டிக்குத் துணி கட்டிய பெண்ணின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாளாம். இப்படியே இன்னும் ஆறு மாதம் ஆடினால் கால் ஆட்டத்துக்கு உதவாது என்றாள். எளிய வைத்தியம்தான், பெரிய செலவுகூட இல்லை, ஓய்வும் சில பயிற்சிகளும் போதும். யாராவது கேட்டிருந்தால் மழைக்காலத்திலேயே சரிசெய்திருக்கலாம்.

பிறகு என்னிடம் கேட்டாள். "இதை இப்படியே குடுத்தா யாராவது கண்டுபிடிப்பாங்களா மாமா?"

நான் உண்மையைச் சொன்னேன். "மாட்டாங்க. எண் நல்லா இருக்கு."

"அதான்" என்றாள். "நல்ல எண்ணுன்னு இந்தத் தாளை எடுத்துக்கிட்டு நாளைக்கு நாலு ஸ்கூலுக்குப் போவாங்க. எல்லாப் புள்ளைங்களும் நல்லாதான் இருக்குதுன்னு எழுதிட்டு வருவாங்க. அதுல என் பேரு இருக்கும்."

திங்கட்கிழமை காலை ரயிலுக்குப் போகும்முன், மார்ச்சில் கொடுக்கப்போவதில்லை என்று எங்களிடம் சொன்னாள். என் மகன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அவளை ஸ்டேஷனில் கொண்டுவிட வண்டியை எடுத்தான். அது வழக்கமாக அவள் நடந்துபோகிற தூரம்.

பேராசிரியரை மறுபடி வாலாஜாபேட்டையிலிருந்து வரவழைத்தோம். தம் தமிழைக் குறைசொல்வதாக நினைத்துக் கோபப்படுவார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். நோவு என்று போடப்போகிறோம் என்றதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாம் எழுதிய எதையும்விடப் பழைய சொல் இது, நோய்க்கும் இதற்கும் ஒரே வேர் என்று ஆரம்பித்துவிட்டார். நிறுத்தத்தான் சிரமமாக இருந்தது. முதல் கேள்வி இப்படி ஆனது: 'கடந்த ஒரு வாரத்தில் உன் உடம்பில் எங்கேயாவது நோவு, பிடிப்பு, இழுப்பு, சுளுக்கு, வீக்கம், அடி எதனாலாவது பயிற்சியிலோ போட்டியிலோ கலந்துகொள்வதில் சிரமம் இருந்ததா? ரத்தம் வராவிட்டாலும் சொல்லலாம்.' கடைசி வரி மருமகளுடையது. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். சேர்க்காமல் என்ன ஆயிற்று என்று இவள் விளக்கியிருக்கிறாள். அனுமதி வந்தபோது கோடை விடுமுறை. பள்ளி திறந்த பிறகுதான் பிள்ளைகள் கிடைத்தார்கள்.

மறுபடியும் இரண்டு தடவை. முதல் நாளே மாஸ்டர் என்னிடம் சண்டைக்கு வந்தார். போன தடவை எல்லாரும் நன்றாக இருந்தார்கள், இப்போது பாதிப் பேர் நோவுது நோவுது என்கிறார்கள், நீங்கள் வந்து பிள்ளைகளுக்கு நோவைக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள் என்றார். விசில் வாயில் இல்லை, அதிலிருந்தே கோபம் தெரிந்தது. சத்தம் கேட்டு மருமகள் வந்தாள். முட்டிப் பெண்ணைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே ஒற்றைக் காலில் மெதுவாக உட்கார்ந்து எழச் சொன்னாள். இடது காலில் சுலபமாகச் செய்தாள். வலது காலில் பாதி உட்காரும்போதே பல்லைக் கடித்தாள், முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. மாஸ்டர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவளைக் கேட்டார்.

"நீங்க காயம் இருக்கிறவங்க ஒதுங்கிக்கங்கன்னுதானே மாஸ்டர் சொல்வீங்க" என்றாள் அவள்.

அந்தப் பெண் மாவட்டப் போட்டிக்குப் போகவில்லை. மாஸ்டரே நிறுத்திவிட்டார். அதற்கு அவள் மருமகளையும் என்னையும் லேசில் மன்னிக்கவில்லை. என்னை ஏன் உட்காரவெச்சீங்க என்று மருமகளிடம் அழுதாளாம். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து, கணுக்காலில் மணல் பை கட்டிக் காலைத் தூக்கி இறக்கும்போதும் மருமகளிடம்தான் பேசுவாள். நான் எத்தனை தடவை தூக்கினாள் என்று எண்ணிச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தைப் பொங்கலுக்குப் பிறகு மறுபடி ஆடத் தொடங்கினாள். துணி கட்டாமல் ஆடுகிறாள்.

இந்தத் தடவை எண் அவ்வளவு நன்றாக வரவில்லை. முதல் நாள் ரொம்ப என்று போட்டவள் அடுத்த தடவை ஓரளவு என்றாள். நோவு அப்படித்தான், நேற்று இருந்தது போல இன்று இருக்காது. ஏற்றுக்கொள்ளும்படியான எண்தான், ஆனால் இவ்வளவு நல்ல எண் வந்ததில்லை என்று கைடு இந்தத் தடவை சொல்லவில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருமகள் ஆய்வேட்டை எழுதினாள்.

டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் அந்த இரண்டு எண்களையும் விரலால் தட்டிக் காட்டி, முதல் தாள்தானே நல்ல தாள், அதை ஏன் விட்டாய் என்று கேட்டாராம். இவள் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லிக்காட்டினாள்: "முதல் தடவை அவங்களுக்குக் கேள்வி புரியலை சார். ரெண்டு தடவையும் ஒரே மாதிரி புரியலை." பரீட்சகர் சிரித்துவிட்டாராம். கைடும் சிரித்தாராம். பாஸ் போட்டார்கள்.

விடுதி சொன்னபடி ஜூனில் திறந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். டிசம்பருக்குப் பிறகு மருமகள் ஒரு தடவை போய்க் கேட்டுப் பார்த்தாள். இனி ஒரு ஆள் தேவைப்பட்டால் சொல்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அதை நம்பி நாங்கள் எந்த மாதத்தைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது வேலூரிலேயே ஒரு கிளினிக்கில் இருக்கிறாள். பழையபடி கழுத்தும் முதுகும்தான்.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது, காட்பாடியில் பஸ் திரும்பும் இடத்திலேயே அந்த விடுதியின் பெயர்ப் பலகை பெரிதாகத் தெரியும் என்று சொன்னாள். காலையில் அந்தப் பிள்ளைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருப்பார்களாம். என் மனைவிக்குத் தாங்கவில்லை. தினமும் அந்தப் பக்கம்தான் போக வேண்டுமா, எதிர்ப் பக்க ஜன்னலில் உட்காரக் கூடாதா என்று கேட்டாள்.

"எதுக்கு அத்தை?" என்றாள் மருமகள். "பாத்துக்கிட்டேதான் போறேன். ரெண்டாவதா ஓடுற பொண்ணு இடது காலை ஊனாமதான் ஓடுது. அந்தப் பையன் பாத்தானான்னு தெரியல."

நாளைக்கு இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வரப்போவதாகச் சொல்லி, ரசத்துக்குத் தட்டை நீட்டினாள்.